பளபளப்பு இல்லாத நதி

ஓவியம் ஒன்று சீரமைப்புக்கு வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது அதன் முதுகை. முன்பக்கம் ஆளை மயக்கிவிடும். அதற்குமுன் பின்பக்கத்திடம் விசாரித்துவிட வேண்டும். துரு ஏறிய ஆணிகள், வண்ணக்கடையின் முத்திரை, ஏலம் விட்டவர்கள் ஒட்டிய சீட்டு, யாரோ பென்சிலில் எழுதிவிட்டுப் போன எண் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

1870-களின் பிரெஞ்சு கேன்வாஸ் என்றால் அளவெடுத்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். பாரிஸ் வண்ணக்கடைகளில் அடிப்பூச்சு பூசி, சட்டத்தில் இழுத்து அடித்த கேன்வாஸ்களை எண் போட்டு விற்றார்கள். ஒவ்வோர் எண்ணிலும் மூன்று வடிவம்: உருவப்படம், நிலக்காட்சி, கடற்காட்சி. நீளம் ஒன்றுதான், உயரம் மட்டும் குறைந்துகொண்டே போகும். 15-ஆம் எண் என்றால் நீளம் 65 செ.மீ.; உயரம் உருவப்படத்துக்கு 54, நிலக்காட்சிக்கு 50, கடற்காட்சிக்கு 46. ஓவியர்கள் இந்தப் பெயர்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. ரெனுவார் 1875-இல் வரைந்த ‘தோணி’, ஆரஞ்சுப் படகு நீல நதியில் மிதக்கும் படம், லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அது 71-க்கு 92 செ.மீ.; ஏறக்குறைய 30-ஆம் எண் உருவப்பட அளவு. கையில் எந்தக் கேன்வாஸ் இருந்ததோ அதில் நதி இறங்கியது.

என்னிடம் வந்த நதிக்கரை 15-ஆம் எண் நிலக்காட்சி. வரைந்தவர் பெயரைச் சொன்னால் பெரும்பாலோருக்குத் தெரியாது. இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களான மொனே, சிஸ்லி, பிஸாரோ நடந்த அதே செய்ன் நதிக்கரைகளில் வண்ணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த இரண்டாம் வரிசைக்காரர். படத்தில் பாதிக்குமேல் தண்ணீர். இடப்பக்கம் பாப்லர் மரங்களின் வரிசை, தூரத்தில் ஆலைப் புகைபோக்கி ஒன்று, கரையோரம் கட்டிய படகு. எல்லாமே பழுப்பு மஞ்சளில் மூழ்கிக் கிடந்தன. காலையா மாலையா என்று சொல்ல முடியாது. உரிமையாளர் ஒரு மூதாட்டி. தாத்தா பாரிஸில் வாங்கிய படமாம். அவர் கேட்டது எளிய விஷயம்: அழுக்கை எடுத்துவிட்டுப் பளபளவென்று ஆக்கித் தர வேண்டும். அழுக்கை எடுப்பதில் எனக்குத் தடையில்லை. பளபளப்பில்தான் தகராறு.

நான் மதுரையில் வேதியியல் படித்தவன். வரையத் தெரியாது. ஊருக்குப் போனால் “நீயும் படம் போடுவியா?” என்று கேட்பார்கள், இல்லை என்றால் முகம் சுருங்கிவிடும். லண்டனில் தேம்ஸுக்குத் தெற்கே ஒரு தனியார் கூடத்தில் பிறர் போட்ட படங்களைத் துடைப்பதும் ஒட்டுவதும் என் பிழைப்பு. வரையத் தெரியாதது இந்தத் தொழிலுக்கு ஒருவகையில் நல்லது என்பேன். வரையத் தெரிந்த கை சும்மா இருக்காது. அடுத்தவன் படத்தில் ஓர் இலையாவது வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கும். அப்படி ஒரு கை இந்தப் படத்தில் புகுந்திருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நதிக்கரையில் நின்று எண்ணெய் வண்ணத்தில் வரைவது என்பதே அன்றைக்குப் புதிய வசதிகளால் ஆனது. அதற்குமுன் அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். ஒருமுறை குத்தித் திறந்தால் சீக்கிரம் இறுகிவிடும். லண்டனில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர் ஜான் கோஃப் ராண்ட், பிதுக்கினால் வண்ணம் வரும் தகர டியூபுக்கு 1841-இல் காப்புரிமை பெற்றார். தூரிகை மயிரை உலோகப் பட்டையால் கவ்விப் பிடிக்கத் தெரிந்ததும் தட்டைத் தூரிகை பரவியது. அந்தச் சதுரமான, துண்டுதுண்டான தீற்றல் அது தந்த கொடை. 1851-இல் செய்ன் கரை ஊரான அர்ஜான்தேய்க்கு ரயில் வந்தது. காலையில் பாரிஸின் சன்-லசார் நிலையத்தில் ஏறினால் சற்று நேரத்தில் நதிக்கரை. மொனே 1871 முதல் 1878 வரை அங்கேயே குடியிருந்தார். படகு ஒன்றை வாங்கிக் கூரை போட்டு அதையே வேலைக்கூடமாக்கிக்கொண்டார். அந்தப் படகில் அவர் உட்கார்ந்து வரைவதை மற்றோர் ஓவியரான மனே 1874-இல் வரைந்தார். கரையிலிருந்து நதியைப் பார்ப்பதற்கும் நதிக்குள்ளிருந்து பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் மொனேயின் படங்களில் அப்படியே இறங்கியிருக்கிறது. அவற்றில் பலவற்றில் நமக்குக் கால் வைக்க இடமே இருக்காது. எடுத்த எடுப்பில் தண்ணீர்தான்.

இவற்றை ஒளியின் ஓவியங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரிதான். என் மேஜைக்கு வரும்போது அவை மேடுபள்ளங்கள். நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தால் வண்ணம் ஒரு நிலப்பரப்பு. மேகத்தில் ஈய வெள்ளை குன்றுகுன்றாக நிற்கும். நிழலில் வண்ணம் மெலிந்து துணியின் நெசவே தெரியும். தண்ணீரில் தீற்றலுக்கும் தீற்றலுக்கும் நடுவே அடிப்பூச்சு வெறுமனே எட்டிப் பார்க்கும். அந்த அடிப்பூச்சு பெரும்பாலும் வெளிர்ச் சாம்பல் அல்லது மங்கிய வெண்மை. ஓவியர் அதையும் ஒரு நிறமாகக் கணக்கில் வைத்துத்தான் வரைந்தார். நதியின் மினுமினுப்பில் பாதி, வண்ணம் பூசாமல் விட்ட இடம்.

லண்டன் கோர்ட்டால்ட் காட்சியகத்தில் மொனேயின் ‘அர்ஜான்தேயில் இலையுதிர்காலம்’ இருக்கிறது. 1873-ஆம் ஆண்டுப் படம். இரண்டு பக்கமும் தீப்பிடித்த நிறத்தில் மரங்கள், நடுவே நதி, தூரத்தில் ஊர். ஊருக்கும் தண்ணீரில் அதன் பிம்பத்துக்கும் இடையே அடர்நீலத்தில் ஒரு கிடைக்கோடு; அதை விரலால் மறைத்துப் பார்த்தால் எது ஊர், எது நிழல் என்று குழம்பிப்போகும். எனக்கு அதைவிடப் பிடித்த இடம் வலப்பக்க மரம். அங்கே வண்ணத்தைக் குவித்துப் பூசிவிட்டு, தூரிகையைத் திருப்பிப் பிடித்து அதன் காம்பால் பரபரவென்று கீறியிருக்கிறார். கிளையைப் பூசிக் காட்டாமல் சுரண்டிக் காட்டியிருக்கிறார். பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் இது தெரியும். சுவரெல்லாம் மொனே ஓடும் டிஜிட்டல் காட்சிகள் உண்டு. அவற்றைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் இந்தக் கீறலைப் பற்றிச் சொன்னால் நான் ஏதோ குற்றம் சொல்வதாக நினைக்கிறார்கள்.

வெளியில் நின்று வரைந்தார்கள் என்பதற்கும் மேற்பரப்பே சாட்சி. மொனே 1870-இல் வரைந்த ‘த்ரூவீல் கடற்கரை’ படத்தில் மணல் துகள்களும் சிப்பித் துணுக்குகளும் வண்ணத்துக்குள் ஒட்டிக்கிடக்கின்றன. வான் கோவின் ஆலிவ் மரங்கள் படம் ஒன்றில் வெட்டுக்கிளி ஒன்றின் உடல் சிக்கியிருந்ததை அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் உள்ள அருங்காட்சியகம் 2017-இல் அறிவித்தது. என் நதிக்கரையில் அப்படி எதுவும் அகப்படவில்லை. ஈரமாக இருந்தபோது இன்னொரு கேன்வாஸோடு அணைத்துத் தூக்கி வந்ததால் ஓரத்தில் விழுந்த நசுங்கல் மட்டும் இருந்தது.

இனி வார்னிஷ். பழைய பாணி ஓவியர்களுக்கு அது இன்றியமையாதது. அடர்நிறங்களை மெல்லிய படலங்களாக அடுக்கி ஆழம் காட்டுபவருக்கு மேலே பளபளப்பு வேண்டும். இல்லையென்றால் கருமை சாம்பல் பூத்துத் தெரியும். வருடாந்தர சலோன் கண்காட்சிக்கும் அதுதான் மரியாதையான உடை. இம்ப்ரெஷனிஸ்டுகள் பலர் இதை விரும்பவில்லை. சிலர் டியூபிலிருந்து பிதுக்கிய வண்ணத்தை ஒற்றுத்தாளில் வைத்து எண்ணெயை உறிஞ்சவிட்டுப் பிறகு எடுத்தார்கள், காய்ந்தபின் மினுங்காமல் இருக்கட்டும் என்று. பிஸாரோ 1880-இல் வரைந்த ஒரு நிலக்காட்சியின் பின்புறத்தில் இதற்கு வார்னிஷ் பூச வேண்டாம் என்று தம் கைப்படக் கேட்டுக்கொண்டிருக்கிறார். 1877-இல் அவர் வெள்ளைச் சட்டகங்களில் படங்களைக் காட்சிக்கு வைத்தார். தங்க முலாம் இல்லை, மினுமினுப்பு இல்லை. வாங்க வந்தவர்களுக்கு இது பொறுக்கவில்லை. வியாபாரிகள் தங்கச் சட்டகம் மாட்டினார்கள், வார்னிஷும் பூசினார்கள். பளபளப்பு இருந்தால்தான் அது முடிந்த படம், விலை பெறும் படம்.

பூசப்பட்ட குங்கிலிய வார்னிஷ் சில பத்தாண்டுகளில் மஞ்சளாகும். ரெம்ப்ராண்டின் மஞ்சளைக்கூடக் கண் மன்னித்துவிடும். இந்தப் படங்களில் அது கொலை. நீலத்தின்மேல் மஞ்சள் படிந்தால் பச்சை. ஊதா நிழலின்மேல் படிந்தால் பழுப்பு. கோபால்ட் நீலத்தையும் குரோம் ஆரஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றையொன்று தூக்கிவிடச் செய்வதுதான் ரெனுவாரின் தோணியில் நடக்கும் வித்தை. பக்கத்து நிறம் ஒரு நிறத்தை எப்படி மாற்றிக்காட்டும் என்பதை கோபெலின் நெசவுச்சாலையின் சாயப்பிரிவுத் தலைவரான வேதியியலாளர் ஷெவ்ரெல் 1839-இலேயே புத்தகமாகப் போட்டிருந்தார். மஞ்சள் திரை விழுந்தால் அந்தச் சண்டை முழுவதும் அடங்கி எல்லாம் ஒரே குடும்பமாகிவிடும். பாதிப் பேருக்கு அது ‘பழமையின் அழகு’.

போலிக்காரர்களுக்கு இந்த ரசனை நன்றாகத் தெரியும். ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் வால்ராஃப்-ரிஷார்ட்ஸ் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த மொனே ஒன்று போலி என்று 2008-இல் வெளிப்படையாகச் சொன்னது. அதுவும் ஒரு செய்ன் நதிக்கரைதான், போர்-வில்லே அருகே வரைந்ததாகச் சொல்லப்பட்டது. எக்ஸ்ரேயிலும் அகச்சிவப்பிலும் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. பழையதாகத் தோன்ற மேலே நிறமற்ற ஏதோ ஒன்றைப் பூசியிருந்தார்கள்.

என் நதிக்கரைக்கு வருகிறேன். அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கைப் போட்டதும் படம் முழுக்க பச்சை மூட்டமாக ஒளிர்ந்தது. இயற்கைப் பிசின் வார்னிஷின் அடையாளம் அது. நடுவே கருந்திட்டுகள்: பிற்காலத்தில் யாரோ பூசிய இடங்கள். அடுத்து ஓரத்தில் ஒரு மயிரளவு துணுக்கை எடுத்துப் பிசினில் பதித்து, குறுக்குவெட்டாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தேன். கீழிருந்து மேலாக அடிப்பூச்சு, வண்ணம், அதன்மேல் கரிய மெல்லிய கோடு, அதற்கும் மேல் வார்னிஷ். வார்னிஷுக்கு அடியில் அழுக்கு! அப்படியென்றால் படம் வார்னிஷ் இல்லாமல் வருடக்கணக்கில் சுவரில் தொங்கி, கரிப்புகையும் புகையிலைப் புகையும் குடித்த பிறகுதான் யாரோ வார்னிஷ் பூசியிருக்கிறார்கள். ஓவியர் பூசவில்லை. எனக்கு வேண்டிய சாட்சியம் கிடைத்துவிட்டது. மூதாட்டியிடம் காட்ட அதைப் பெரிதாக அச்செடுத்து வைத்தேன்.

வார்னிஷை எடுப்பது பொறுமையான வேலை, அதைத் தவிர அதில் மர்மம் இல்லை. மூங்கில் குச்சி நுனியில் பஞ்சைச் சுருட்டி, கரைப்பானில் நனைத்து, காகிதத்தில் ஒற்றி, தபால்தலை அளவு இடத்தில் உருட்ட வேண்டும். தேய்க்கக் கூடாது. வண்ணம் பஞ்சில் ஏறுகிறதா என்று ஒவ்வொரு நிறத்திலும் முன்பே சோதித்திருக்க வேண்டும். சிவப்பு ‘லேக்’ வண்ணங்கள் முதலில் இளகும். குழிகளில் தேங்கிய வார்னிஷ் கடைசிவரை அடம்பிடிக்கும். குன்றுகளின் உச்சியில் பழைய துடைப்பாளர்கள் ஏற்கெனவே தேய்த்துவிட்டுப் போயிருப்பார்கள். முழுதாக எடுக்கிறேன் என்று குழிக்குள் குச்சியை விடுவது வெறி. கொஞ்சம் மஞ்சளை உள்ளே விட்டுவிட்டு நகர வேண்டும்.

வார்னிஷ் போனபின் அடியில் இருந்த அழுக்குக்கு எச்சில். கேலி இல்லை. மிதமான வெப்பம், நொதிகள், ஒட்டும் தன்மை எல்லாம் சேர்ந்து எச்சில் அழுக்கை அருமையாகத் தூக்கும். பெரிய அருங்காட்சியகங்களிலும் அதுதான் நடக்கிறது. பஞ்சை நாக்கில் நனைப்பது, உருட்டுவது, குச்சியை எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பது. வேலைக்கு முன் காபி கூடாது என்பது எங்கள் கூடத்தின் எழுதாத சட்டம். அம்மாவிடம் போனில் ஒருமுறை இதைச் சொல்லிவிட்டேன். “எச்சிலா? அடுத்தவங்க வீட்டுப் படத்துலயா? அது சாமி படமா இருந்தா என்னடா பண்ணுவே?” என்றார். மாதா படத்துக்கும் அப்படித்தான் செய்தேன் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

பழுப்பு விலக விலக நேரம் தெரிந்தது: காலை. புகைபோக்கியின் புகை ஊதா. வானம் நீலமும் இளஞ்சிவப்பும். தண்ணீரில் அடிப்பூச்சின் சாம்பல் வெளிப்பட்டதும் நதி அசைய ஆரம்பித்தது. இடக்கரையில் மட்டும் ஒரு கட்டியான பச்சை அசையாமல் நின்றது. புற ஊதாவில் கருந்திட்டாகத் தெரிந்த இடம் அதுதான். வரையத் தெரிந்த கை என்று சொன்னேனே, அதன் வேலை. ஓவியர் பூசாமல் விட்ட இடத்தைப் பார்த்து, வண்ணம் உதிர்ந்துவிட்டது என்று நினைத்து, பாவம், புல் வளர்த்திருக்கிறார். அடியில் சேதம் எதுவும் இல்லை. புல்லைக் கத்தி நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக அறுவடை செய்தேன்.

எடுக்க முடியாத ஒன்றும் இருந்தது. படத்தின் பின்னால் இன்னொரு துணி ஒட்டப்பட்டிருந்தது. இதை லைனிங் என்போம். துணி தளர்ந்துவிட்டது, வண்ணம் விரிசல் விடுகிறது என்றால் பழைய காலத்தில் உடனே செய்யும் வைத்தியம். பல நேரம் எதுவும் நேராமலே, வரும்முன் காப்போம் என்று செய்தார்கள். பிரான்சில் மாவும் விலங்குப் பசையும் கலந்த பசை. ஹாலந்தில் தேன்மெழுகும் பிசினும். இரண்டுக்கும் சூடான இரும்புப்பெட்டி வேண்டும். படத்தைக் குப்புறப் போட்டு முதுகில் இஸ்திரி போடுவார்கள். முன்புறத்தில் குன்றாக நின்ற ஈய வெள்ளை என்ன ஆகும்? என் நதிக்கரையின் மேகங்கள் புழங்கித் தேய்ந்த காசு மாதிரி உச்சி மழுங்கிக் கிடந்தன. மெழுகு முறை என்றால் இன்னொரு கேடும் உண்டு: மெழுகு உறிஞ்சிய அடிப்பூச்சு நிரந்தரமாகக் கறுத்துவிடும். பூசாமல் விட்ட சாம்பல் போச்சு என்றால் நதியும் போச்சு.

1974-இல் லண்டனின் கிரீன்விச்சில் சீரமைப்பாளர்கள் கூடி, லைனிங்கைக் கொஞ்ச காலமாவது நிறுத்திவைத்து யோசிப்போம் என்று பேசினார்கள். இந்தத் தொழிலின் மனசாட்சி விழித்த கூட்டம் என்று நான் அதைச் சொல்வேன். அதே காலத்தில் ஆம்ஸ்டர்டாமின் மத்திய ஆய்வுக்கூடத்தில் வி.ஆர். மேஹ்ரா என்ற இந்தியர், சூடும் அழுத்தமும் இல்லாமல், மெல்லிய உறிஞ்சுவிசை மேஜையில் வைத்துக் குளிர்நிலையில் ஒட்டும் முறையை உருவாக்கினார். மேகங்கள் மேகங்களாகவே பிழைத்தன. நம் ஊர்ப் பக்கம் அவர் பெயர் யாருக்கும் தெரியாதது எனக்கு வருத்தம்.

சேதம் என்றால் மக்கள் நினைப்பது வேறு. 2007-இல் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்துக்குள் இரவில் நுழைந்தவர்கள் மொனேயின் ‘அர்ஜான்தேய் பாலம்’ படத்தைக் கிழித்தார்கள். 2012 ஜூனில் டப்ளினில், அயர்லாந்து நேஷனல் கேலரியில், ஒருவர் மொனேயின் இன்னோர் அர்ஜான்தேய் நதிப்படத்தைக் கையால் குத்திப் பிளந்தார். ஒற்றைப் பாய்மரப் படகு நிற்கும் 1874-ஆம் ஆண்டுப் படம். உலகமே பதறியது. ஆனால் 2014-இல் அந்தப் படம் சுவருக்குத் திரும்பிவிட்டது. தரையில் உதிர்ந்த துணுக்குகளைப் பொறுக்கி, கிழிந்த விளிம்புகளை நுண்ணோக்கியில் வைத்து இழை இழையாகச் சேர்த்தார்கள். இழைகளை ஒவ்வொன்றாக ஒட்டும் இந்த நுட்பத்தை ஜெர்மனியின் வின்ஃப்ரீட் ஹைபர் வளர்த்தெடுத்தார். ஸ்டர்ஜன் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையையும் கோதுமைக் கஞ்சியையும் கலந்து, ஊசிமுனையில் தொட்டு வைப்பார்கள். நானும் சின்னக் கிழிசல்களில் அதைச் செய்கிறேன். கழுத்து பிடித்துக்கொள்ளும், ஆனால் முடியும். முரடன் குத்திய ஓட்டையை மூடிவிடலாம். நல்லெண்ணத்தோடு போட்ட இஸ்திரியை எடுக்க எந்தப் பசையும் இல்லை. என் படத்தின் லைனிங்கை அப்படியே விட்டுவிட்டேன். பிடிப்பு உறுதியாக இருந்தது. பிரித்தால் இன்னும் கொஞ்சம் நசுங்குவதைத் தவிர லாபமில்லை.

மூதாட்டி வந்தார். நதியைப் பார்த்ததும் மகிழ்ச்சிதான். பிறகு இடக்கரைக்கு அருகில் குனிந்து, “இங்கே வண்ணம் உதிர்ந்துவிட்டதே, நிரப்ப மாட்டீர்களா?” என்றார். அது உதிரவில்லை, ஓவியர் விட்ட இடம் என்று நுண்ணோக்கிப் படத்தைக் காட்டினேன். புல் வளர்த்தவரின் கதையையும் சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை, சிரித்தார். அடுத்து வார்னிஷ் பேச்சு. மேலே வார்னிஷ் வேண்டாம், ஒளி பிரதிபலிக்காத கண்ணாடி ஒன்றைச் சட்டகத்தில் போட்டுவிடலாம், தூசியும் வராது, யாரும் தொடவும் முடியாது என்றேன். விலையைக் கேட்டார். சொன்னேன்.

“வார்னிஷ் மலிவாயிற்றே!”

மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் இன்னும் சில பத்தாண்டுகளில் அது மறுபடி மஞ்சளாகும், அல்லது மங்கும்; அதை எடுக்க என்னைப்போல் இன்னொருவருக்கு இதே கூலியைக் கொடுக்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் மேடுகளின் உச்சியில் கொஞ்சம் போகும் என்றேன்.

“அந்தக் கூலியை யார் கொடுப்பது? நான் இருக்க மாட்டேன். என் பேத்தி கொடுக்க வேண்டும்.” கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். கண்ணாடிக்குச் சம்மதித்தார். தங்கச் சட்டகத்தின் உதிர்ந்த மூலைகளுக்குப் புது முலாம் போடுவதாக இருந்ததை மட்டும் வேண்டாம் என்று சொல்லி, அந்தத் தொகையைப் பில்லிலிருந்து கழிக்கச் சொன்னார்.